இன்னும் கொஞ்சம் கிட்ட

அத்தியாயம் 5

“சாகப் போறவர் சார்ஜரைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போவாரா சார்?”

பானுப்ரியாவின் குரல் ஜீப்பின் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வந்தது. தலையும் தோளும் உள்ளே. செருப்பில்லாத கால்கள் இரண்டும் வெளியே, கீழப்பழுவூர் வெயிலில்.

சிங்காரவேலு பதில் சொல்லவில்லை. அவர் ஒரு பதில் சொல்வதற்குள் கடைவீதிக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று பானு ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். முப்பது வருஷம் நில அளவைத் துறையில் பொட்டல் பொட்டலாகச் சங்கிலியோடு நின்றவர். இப்போது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஓர் அறை, கதவில் ‘துப்பறியும் நிலையம்’ என்று ஒரு பலகை. பேச்சு அவருக்கு மழைக்கு மட்டும் எடுக்கும் குடை மாதிரி.

ஜீப் வீரமுத்துவுடையது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி லீலாவதி இறந்து ஆறு வருஷம். அதன் பிறகு அவருக்கு ஒரே பொழுது, கைவிடப்பட்ட கல்குவாரிகளிலும் ஓடைகளிலும் இந்த ஜீப்பை இறக்கி, கல்லாகிப்போன சங்கையும் நத்தையையும் தேடுவது. அங்கெல்லாம் பாதை கிடையாது. சில மாதமாக ஒரு டேப்பில், அதாவது கைக்கணினியில், வரைபடத்தைப் போட்டுக்கொண்டு, கண்டெடுத்த இடத்தை அதிலேயே குறித்துக்கொண்டு போவார்.

ஒன்பது நாளுக்கு முன்னால், இதே ஜீப் திருமழபாடியில் கொள்ளிடக் கரையோரம் நின்றது. சாவி வண்டியிலேயே இருந்தது. பழைய பட்டன் போன் முன் பெட்டிக்குள் கிடந்தது. வீரமுத்து இல்லை. ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. ஆடு மேய்க்கும் பச்சையம்மாள் ஒருத்திதான் சாட்சி: “வண்டிய என் ஆட்டு மேல ஏத்தப் பாத்தாரு. கத்துனேன். நிறுத்தி எறங்குனாரு. ஆத்துப் பக்கம் போனாரு. ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன், திரும்பி வந்ததப் பாக்கல.”

பார்க்காததையே எல்லோரும் பார்த்ததாக எடுத்துக்கொண்டார்கள். ஆற்றில் தேடி உடல் கிடைக்காத பிறகும் வீரமுத்துவின் தம்பி செந்தில்குமார் நாளைக் காலை பத்து மணிக்குக் கருமாதி என்று முடிவு செய்துவிட்டார். ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த வீட்டு வாசலில் பந்தல்காரர்கள் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

மகள் ஜெயசுதா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சென்னையிலிருந்து வந்தவள். ஆனி மாதம் அப்பாவோடு ஒரு சண்டை. வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று இவள், முடியாது என்று அவர். அன்றோடு பேச்சு நின்றது. நாலு மாதமாக இவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

“என்னாலதான் ஆத்துல எறங்கினாரான்னு மட்டும் சொல்லுங்க சார்,” என்று காலையில் அவள் சொன்னாள். “ஆமான்னாலும் சொல்லிடுங்க. தெரியாம என்னால அந்தப் பிண்டத்தக் கையில எடுக்க முடியாது.”

ஜீப்பில் டேப் இல்லை. டேப்பை மாட்டும் ஸ்டாண்டு மட்டும் இருந்தது. அதைத்தான் சிங்காரவேலு அரைமணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திருடன் எடுத்துட்டுப் போயிருப்பானோ?” பானு வெளியே வந்து தலைமுடியைத் தட்டினாள். “ஆனா திருடன் இவ்வளவு நல்லவனா? டேப்ப எடுத்தான், சார்ஜர எடுத்தான், சாவியோட நின்ன ஜீப்ப வேணாம்னு விட்டுட்டான்.”

“இங்க பாரு.”

ஸ்டாண்டு இரும்புத் தகட்டில் நாலு நட்டுப் போட்டு முறுக்கியிருந்தது. ஒவ்வொரு நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்ந்தாற்போல ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு. அதற்கு இடது பக்கம், டேஷ்போர்டில், எம்-சீல் வைத்து அடைத்த பழைய துளைகள். நாலு துளை கொண்ட கூட்டங்கள் மூன்று. முதல் கூட்டம் வண்டியின் நடுவில். அடுத்தது அதைவிட ஒரு சாண் வலது பக்கம். மூன்றாவது இன்னும் நெருங்கி. இப்போது ஸ்டாண்டு இருப்பது ஸ்டியரிங்கை ஒட்டி, ஓட்டுகிறவன் முகத்துக்கு எதிரே.

சிங்காரவேலு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினார். முழங்கை ஸ்டாண்டில் இடித்தது.

“இவ்வளவு கிட்ட வெச்சா வழி தெரியுமா, மூக்குதான் தெரியுமா?” என்றாள் பானு.

அவர் இறங்கவில்லை. அந்த இருக்கையில் உட்கார்ந்தபடி, டேப் இல்லாத ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலியில் ஓர் ஓணான் தலையை ஆட்டிவிட்டுப் போனது. பக்கத்து இருக்கையில் தூசி ஒரே சீராகப் படிந்திருந்தது. அதில் வெகுநாளாக யாரும் உட்கார்ந்ததில்லை.

“மஞ்சள் கோடு போடுற கடை எதுன்னு விசாரி,” என்றார் கடைசியில்.

கடை பெரம்பலூரில், துறைமங்கலம் பக்கம் இருந்தது. பானு மூன்று போன் போட்டதில் கிடைத்துவிட்டது. கார் சீட் கவரும் பாட்டுப் பெட்டியும் மாட்டும் கடை. உள்ளே ஒரு காரின் கதவைப் பிரித்துப் போட்டுவிட்டு அதன் ஒயர்களோடு உட்கார்ந்திருந்தவள் கலைமணி. நாற்பது வயதிருக்கும். நெற்றியில் கிரீஸ்.

“என் கோடுதாங்க,” என்றாள், பானு காட்டிய படத்தைப் பார்த்ததும். “நட்ட முறுக்கினதும் மேல ஒரு கோடு இழுத்துருவேன். கோடு நேரா இருந்தா நட்டு அசையலைன்னு அர்த்தம். ஒடைஞ்சிருந்தா வேற எவனோ கை வெச்சிருக்கான். வாரண்டி கேட்டு வர்றவன்கிட்ட வாயத் தொறக்க வேணாம் பாருங்க, கோட்டக் காட்டினாப் போதும்.”

“கோடு ஒடையல,” என்றார் சிங்காரவேலு. “அப்ப டேப்ப எப்படிக் கழட்டினாங்க?”

“பக்கத்துல ஒரு கொக்கி வெச்சுக் குடுத்திருக்கேன். தடவிப் பாத்து அமுக்கினா கையோட வந்துரும். ஐயாதான் கேட்டாரு. ‘கண்ண மூடிக்கிட்டே கழட்டுற மாதிரி வையும்மா’ன்னாரு. தெரியாத ஆளு இழுத்தா ஸ்டாண்டே பேந்து வரும், டேப் வராது.”

பானு சிங்காரவேலுவைப் பார்த்தாள். திருடன் இல்லை. எடுத்தது வீரமுத்துவேதான்.

“நாலு எடம் மாத்தியிருக்கீங்க,” என்றார் சிங்காரவேலு.

“மாசத்துக்கு ஒரு தடவ. ஒட்டுற கப்பு வேணாம்னு மொதல்லயே சொல்லிட்டேன், குவாரில ஒரு குழியில எறங்கி ஏறினா மடியில வந்து விழும். ஆணி அடிச்ச மாதிரி நடுவுல வெச்சுக் குடுத்தேன். அடுத்த மாசம் வந்து நிக்கிறாரு. ‘இன்னும் கொஞ்சம் கிட்ட வையும்மா.’ வெச்சேன். மறுபடி வர்றாரு. ‘இன்னும் கொஞ்சம் கிட்ட.’ கல்லுத் தூசில ஸ்கிரீன் மங்குதுங்கிறாரு. தொடைச்சுப் பாத்தா கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. நாலாவது தடவ, ஐயா, இதுக்கு மேல கிட்ட வைக்கணும்னா உங்க மூக்குக் கண்ணாடிலதான் வைக்கணும்னு சொன்னேன். சிரிச்சாரு.” கலைமணி கையைத் துணியில் துடைத்தாள். “சிரிச்சுட்டுக் கொஞ்ச நேரம் அங்கியே நின்னுக்கிட்டு இருந்தாரு.”

சிங்காரவேலு வீரமுத்து நின்ற இடத்தைப் பார்த்தார். டயர் சாய்த்து வைத்திருந்த ஒரு வெறும் சுவர்.

“எழுத்தப் பெருசு பண்ணச் சொன்னாரா?”

“எப்படிங்க தெரியும்? போற வரைக்கும் பெருசு பண்ணச் சொன்னாரு. ஜெயங்கொண்டம்னு படிக்கணும்னா ரெண்டு தடவ தள்ளணும்.”

“ஜெயம் ஒரு ஸ்கிரீன், கொண்டம் ஒரு ஸ்கிரீன்,” என்றாள் பானு. பிறகு அவளே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “சார். அவருக்கு...”

“கண்ணு போயிக்கிட்டு இருந்துச்சு.”

பச்சையம்மாளின் ஆடு சிங்காரவேலுவின் மனதில் ஓடிப்போனது. ஏற்றப் பார்க்கவில்லை வீரமுத்து. ஆட்டையே பார்க்கவில்லை.

“அப்ப அதான் காரணமா?” பானு குரலைத் தாழ்த்தினாள். “கண்ணு போச்சுன்னு மனசு வெறுத்து...”

“சார்ஜர்,” என்றார் அவர். அவள் காலையில் கேட்டதற்கு இப்போதுதான் பதில் வந்தது. “நீ சொன்னதுதான். போனை விட்டுட்டு டேப்பயும் சார்ஜரயும் எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு. அந்தச் சின்ன போன் அவருக்குக் கண்ணுக்குத் தெரியல. இது தெரிஞ்சுச்சு. ஆனா கண்ணு முழுசாப் போறவருக்கு டேப் எதுக்கு?”

“பேசத்தாங்க,” என்றாள் கலைமணி.

இருவரும் திரும்பினார்கள்.

“மொத தடவ வந்தப்பவே புது சிம்மு போட்டு, வாட்ஸப் ஏத்திக் குடுத்தேன். ஒரே ஒரு நம்பர் சொன்னாரு, மனப்பாடமா. பேரு என்ன போடட்டும்னேன். ‘ஒரே ஆளுதான், பேரெல்லாம் எதுக்கு’ன்னாரு. மைக்கை அமுக்கிப் பேசி விடுறதும், வந்தா அமுக்கிக் கேக்குறதும் மட்டும்தான் கத்துக்கிட்டாரு. எழுத வேணாமான்னு கேட்டேன். ‘நான் பேசுவேன், அவ கேட்டுக்குவா’ன்னாரு.”

“அவளா?” பானுவின் புருவம் உச்சிக்குப் போனது.

“வூட்டுக்காரம்மான்னு நெனச்சேன். கோவிச்சுக்கிட்டுப் போயிருக்காங்க போலன்னு. இங்க நிக்கிறப்பவே ஒரு தடவ பேசினாரு. இன்னைக்கு எங்க போனேன், என்ன சாப்ட்டேன், இப்படித்தான். பாவமா இருந்துச்சு.”

“அந்தம்மா செத்து ஆறு வருஷம் ஆச்சுங்க,” என்றாள் பானு.

கலைமணி துணியைக் கீழே வைத்தாள். தன் போனை எடுத்து, ‘ஜீப் ஐயா டேப்’ என்று பதிந்திருந்த எண்ணைக் காட்டினாள். அவர் பேசிய அந்த இன்னொரு எண் அவளிடம் இல்லை. பானு தன் போனிலிருந்து ஜீப் ஐயாவுக்கு ஒரு வணக்கம் அனுப்பினாள். ஒரு டிக் விழுந்தது. மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இரண்டாவது டிக்கும் விழுந்தது.

“போய்ச் சேந்துடுச்சு சார்! டேப் உயிரோட இருக்கு. ஒன்பது நாளா யாரோ சார்ஜ் போட்டுக்கிட்டு இருக்காங்க.”

வாட்ஸப்பிலேயே கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. இன்னொரு முறையும் அப்படியே. டேப் உயிரோடு இருக்கிறது. அதை வைத்திருப்பது யார் என்பதை இரண்டு டிக் சொல்லாது.

அரியலூர் வரைக்கும் பானு கார் ஓட்டிக்கொண்டே பேசினாள். முன்னால் போன சிமெண்ட் லாரி வெள்ளைப் புழுதியை அவள் பேச்சின் மேல் தூவிக்கொண்டே போனது.

“கேஸ் சூடு பிடிக்குது சார். ஐயாவுக்கு ஒரு ஆள் இருக்கு. தெனம் பேச்சு. பேரே போடாத அளவுக்கு ரகசியம். ஆத்தங்கரையில ஜீப்ப விட்டுட்டு அந்தம்மாவோட திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறிட்டாரு. நாளைக்கு நாம போய் ஜெயசுதாகிட்ட, கவலப்படாதீங்க, அப்பா சாகல, உங்களுக்குச் சின்னம்மா வந்திருக்காங்கன்னு சொல்லணும். பந்தல் போட்டது வீணாகாது, கல்யாணத்துக்கு வெச்சுக்கலாம்.”

சிங்காரவேலு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். ஒருவர் பேச, ஒருவர் கேட்க. நாலு மாதம். தனக்கு அப்படிப் பேச யாரும் இல்லை. பேசுவதற்கு ஆள் இருந்து, தினமும் பேசவும் செய்த ஒரு மனிதர் எப்படித் தன்னைவிடத் தனியாகத் தெரிகிறார் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. பதில் வராத ஒருத்தியிடம் நாலு மாதம் எப்படிப் பேச முடியும்? அவள் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் பேசலாம். கோபம் இருந்தாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று நம்பினால் பேசலாம்.

லாரி ஒதுங்கி வழி விட்டது.

“பானு. நீ அனுப்பினதுக்கு ரெண்டு டிக் விழுந்துச்சே. அது அப்புறம் நீலமா மாறும்ல?”

“தொறந்து பாத்தா மாறும். இன்னும் மாறல.”

“வாய்ஸும் அப்படித்தானா?”

“கேட்டாத்தான் நீலமாகும். கேக்காம வுட்டா அப்படியே கெடக்கும். அனுப்புனவனுக்குத் தெரிஞ்சுரும், இவ நம்மள மதிக்கலன்னு. எங்க வூட்டுக்காரருக்கு நான் தெனம் செய்யிற மரியாதை அதான்.”

“கண்ணு தெரியாதவருக்கு?”

“நீலமாச்சா இல்லையான்னே தெரியாது,” என்றாள் பானு.

“வேகமாப் போ,” என்றார்.

கீழப்பழுவூர் வீட்டு வாசலில் பந்தல் பாதி ஏறியிருந்தது. செந்தில்குமார் ஏணிக்குக் கீழே நின்று கீற்றை எண்ணிக்கொண்டிருந்தார். ஜெயசுதா உள்ளே, அப்பாவின் கல் சங்குகள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள்.

சிங்காரவேலு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“உங்க போன்ல தெரியாத நம்பர்லேருந்து வாய்ஸ் ஏதாச்சும் வருதாம்மா?”

அவளுக்குப் புரியவில்லை. “வரும் சார். யாருக்குத்தான் வரல? ஒரு நம்பர் நாலு மாசமா. போட்டோ கெடையாது, பேரு கெடையாது, ஒரு எழுத்து எழுதினது கெடையாது. தெனம் ஒரு வாய்ஸ் மட்டும். எவனோ பொறுக்கின்னு தெறக்கவே இல்ல. சத்தம் வராம பண்ணி ஓரமா ஒதுக்கிட்டேன்.”

“தெனமுமா?”

“தெனமும். சில நாள் ரெண்டு.”

பானு தன் போனில் இருந்த எண்ணை மெல்ல அவள் முன் வைத்தாள். ஜெயசுதா தன் போனில் ஓரமாக ஒதுக்கியிருந்ததைத் தேடி எடுத்தாள். ஓர் எண்ணைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள். கடைசி நாலு எண்ணை உதடு அசைத்துப் படித்தாள்.

நூற்று இருபத்தொன்று இருந்தன. திறக்காதவை.

“ஜீப் நின்ன அன்னைக்கு உள்ளதப் போடுங்க,” என்றார் சிங்காரவேலு.

அவள் விரல் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை பட்டது. முதலில் காற்றுச் சத்தம், தூரத்தில் ஆடு கத்துகிறது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரல்.

“சுதா. அப்பாதாம்மா. இன்னைக்கு ஒரு ஆட்டு மேல ஏத்தப் பாத்துட்டேன். கண்ணுல படவே இல்ல. அந்தம்மா கத்துனப்பறந்தான் தெரிஞ்சுச்சு. ஆடாப் போச்சு, புள்ளையா இருந்தா? போதும்மா. வண்டி இதோட போதும். சாவி உள்ளயே இருக்கு, சித்தப்பாவ வந்து எடுத்துக்கச் சொல்லு. நான் ஆத்துல மூஞ்சி கழுவிட்டு மினி பஸ்ஸு ஏறப் போறேன். திருச்சில அந்த இல்லத்துல, அதான் போன வாரம் சொன்னேனே, கண்ணு போனவங்களுக்குக் கோல் புடிச்சு நடக்கக் கத்துக் குடுக்குறாங்கன்னு, அங்கதான். மூணு மாசம். நீ வந்து கூட்டிக்கிட்டுப் போவேன்னுதான் மொதல்ல நெனச்சேன். நீ இன்னும் கோவமா இருக்கே, சரி, இருக்கட்டும். கேட்டுக்கிட்டு இருக்கேல்ல, அதுவே போதும் எனக்கு.”

வாசலில் ஏணி இறங்கும் சத்தம் கேட்டது. செந்தில்குமார் நிலைக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். கையில் ஒரு கீற்று அப்படியே இருந்தது.

“அண்ணன் கொரலா அது?” என்றார்.

ஜெயசுதா கடைசியில் இருந்ததைத் தொட்டாள். நேற்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை.

“சுதா, இங்க ஞாயித்துக்கிழம பாக்க வரலாம்னு சொல்லியிருந்தேன்ல. காலைலேருந்து வாசல் கேட்டுக்கிட்டயே உக்காந்திருந்தேன். வேல இருந்திருக்கும். பரவால்லம்மா. அடுத்த வாரமும் ஞாயித்துக்கிழம வரும்.”

அவள் மைக்கை அழுத்தினாள். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. விரல் தானாக எடுபட, அவளுடைய நாலு விநாடி மௌனம் திருச்சிக்குப் போய்விட்டது.

இரண்டு டிக் விழுந்தது. சிங்காரவேலு தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த டிக் இரண்டும் நீலமாயின. மேலே, எண்ணுக்குக் கீழே, எதிர்ப்பக்கம் ஒலி பதிவாகிறது என்று ஒரு சின்ன வரி வந்தது.

“சுதா?” என்றது குரல். “ஏதோ வந்துச்சே. சத்தமே இல்லையே? இந்தப் பட்டன நானும் மொதல்ல இப்படித்தாம்மா, சீக்கிரமா வுட்டுருவேன். கொஞ்ச நேரம் அமுக்கிக்கிட்டே இருக்கணும்.”

அவள் அமுக்கினாள். இந்த முறை விடவில்லை.

“அப்பா. நாளைக்கு வரேன். காலைல பத்து மணிக்கு அங்க இருப்பேன்.”

பந்தல்காரர்களில் மூத்தவன் உள்ளே எட்டிப் பார்த்தான். “மீதியையும் ஏத்திடவா?”

“எறக்குங்க,” என்றாள் பானு. “ஆளு வர்றதுக்கு மூணு மாசம் இருக்கு.”

சிங்காரவேலு விடைபெற்றுக்கொள்ளவில்லை. அவருக்கு அது வராது. பானு காரைத் திருப்பும்வரை வேலியோரம் நின்றார். அப்போதுதான் ஜெயசுதா வீட்டிலிருந்து இறங்கி வந்தாள். யாரையும் பார்க்காமல் ஜீப்புக்குப் போய், அப்பாவின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, தன் போனை அந்த ஸ்டாண்டில் சாய்த்து வைத்தாள். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது அது.

“சார், வாங்க,” என்றாள் பானு.

அவர் அசையவில்லை. ஜீப்பிலிருந்து குரல் கேட்டது. நூற்று இருபத்தொன்றில் முதலாவது. ஆனி மாதத்துக் குரல், இன்னும் கொஞ்சம் வலுவாக.

“சுதா, அப்பா பேசுறேன். நேத்து கோவத்துல கத்திட்டேன். டேப்பு ஒண்ணு வாங்கி வண்டில மாட்டியிருக்கேன்...”